எங்கள் தெரு பால்வாடி: நாற்பது வருஷம் பயன்படுத்திய பிறகு ஒரு விமர்சனம்

பொருள் வாங்கி ஒரு வாரத்தில் எழுதுகிற விமர்சனங்களை நான் நம்புவதில்லை. மிக்ஸி வந்த அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். ஆறாம் மாதம் ஜார் அடியில் ஒழுகும்போது திரும்பி வந்து எழுத ஒருவரும் இல்லை. இது அப்படிப்பட்டதல்ல. இந்தச் சேவையில் 1982-ல் நானே சேர்ந்தேன். 2003-ல் என் மகளைச் சேர்த்தேன். போன வருஷம் ஜூனிலிருந்து பேத்தி போகிறாள். அதே தெரு, அதே மையம். கட்டடம் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது.

பலகையில் அங்கன்வாடி மையம் என்றுதான் இருக்கிறது. எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பால்வாடிதான். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பேரூராட்சி, ஊர்ப் பெயர் வேண்டாம். டீச்சரும் ஆயம்மாவும் தெரிந்தவர்கள், நாளைக்கும் அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும். நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். மகள் தேனியில் லேப் டெக்னீசியன், ஷிப்ட் வேலை. அதனால் பேத்தி பெரும்பாலும் என் பொறுப்பு.

முதலில் சாப்பாடு, ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். காலையில் சத்துமாவு, மத்தியானம் சூடாகச் சாதம். சாம்பார் சாதம், எலுமிச்சை, தக்காளி, கீரை என்று நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு மூன்று முட்டை. காரம் குறைவு, உப்பு சில நாள் கூடுதல். பேத்தி வீட்டில் முட்டையின் மஞ்சளைத் தொட மாட்டாள். அங்கே பக்கத்தில் உட்காருகிற பையன் வெள்ளையைச் சாப்பிட மாட்டானாம், இரண்டு பேரும் மாற்றிக்கொள்கிறார்கள். ஆயம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். ஒரு முட்டைக்கு ஒரு முட்டை, கணக்கு நேராகிவிடுகிறது.

வீட்டுக்குத் தருகிற சத்துமாவு பாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெல்லம் அதிலேயே இருக்கிறது, வெந்நீர் தெளித்துப் பிசைந்து உருண்டை பிடித்தால் போதும். நான் கொஞ்சம் தேங்காய்த் துருவல் போட்டுக் கொழுக்கட்டையாக அவிப்பேன். இதைப் போய் மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிறவர்கள் எங்கள் தெருவில் இரண்டு வீடு. மாடு நன்றாகத்தான் இருக்கிறது.

எடை போடுகிற நாளில் அழுகை இரண்டு தெருவுக்குக் கேட்கும். மகள் காலத்தில் ஜட்டி மாதிரி ஒரு துணித்தொட்டிலில் காலை நுழைத்து, கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். காய்கறிக் கடையில் பூசணிக்காய் தொங்குகிற மாதிரி இருக்கும். இப்போது தரையில் வைக்கிற மெஷின், உயரம் அளக்கத் தனிப்பலகை. அழுகை மட்டும் மாறவில்லை.

அடுத்தது படிப்பு. இதற்காக ஒரு நாள் கடையை மகளிடம் விட்டுவிட்டு, மையத்திலேயே போய் உட்கார்ந்தேன். டீச்சரிடம் சொல்லிவிட்டுத்தான், திருட்டுத்தனமாக இல்லை. 9:10-க்கு டீச்சர் வந்தார். 26 பிள்ளைகள். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டப்படி அந்த மாதம் காய்கறி. ஒரு தட்டில் நிஜமான கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி. கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். பேத்தி வெண்டைக்காயைத் தடவிப் பார்த்து, "முடி இருக்கு" என்றாள். கும்பல் முழுக்கச் சிரிப்பு. அப்புறம் புளியங்கொட்டை, சிறுசு ஒரு கிண்ணத்தில், பெருசு ஒரு கிண்ணத்தில். நான் அசந்துபோய்விட்டேன். இந்த டீச்சருக்கு நேரம் மட்டும் இருந்தால் எந்தப் பெரிய பள்ளிக்கூடமும் கிட்டே வர முடியாது.

நேரம்தான் இல்லை. 9:50-க்கு இரண்டு கர்ப்பிணிகள் மாவு வாங்க வந்தார்கள். அவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அதையே கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும், படமும் எடுக்க வேண்டும். சிக்னல் இல்லாமல் டீச்சர் வாசலுக்கும் வேப்பமரத்துக்கும் நடக்கிறார். அதற்குள் 26 பேரும் 26 திசையில். ஆயம்மா அடுப்படியில். திரும்ப உட்கார்ந்து ஒரு பாட்டு ஆரம்பித்தபோது மேலதிகாரியிடமிருந்து போன். பன்னிரண்டு மணி வரை எழுதிக்கொண்டே வந்தேன். பிள்ளைகளுக்கென்று போன நேரம், கூட்டிப் பார்த்தால் 40 நிமிஷம்கூட வரவில்லை. டீச்சர் நடுவில் ஒரு நிமிஷம்கூடச் சும்மா உட்காரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருஷம் ஆயம்மா இடம் ஐந்து மாதம் காலியாக இருந்தது. அப்போது சமையலும் டீச்சர்தான். அந்த ஐந்து மாதம் பிள்ளைகள் என்ன கற்றிருக்கும் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1982 ஜூலை 1-ம் தேதி, திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கிராமத்தில் இரண்டு வயதிலிருந்து பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு. எனக்கு அப்போது நாலு வயது, தம்பிக்கு இரண்டு. அக்காவுக்கு எட்டு. அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. அவளுடைய வேலை நாங்கள்தான். இடுப்பில் தம்பி, கையில் நான். அம்மா களையெடுக்கப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அக்காவை எட்டு வயசில் நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவள் இடுப்பின் ஒரு பக்கச் சாய்வுதான். தம்பியைத் தூக்கித் தூக்கி அவள் நிற்பதே அப்படி ஆகிவிட்டிருந்தது.

எங்கள் இரண்டு பேரையும் பால்வாடியில் விட்ட மறு வாரம் அம்மா அக்காவைக் கொண்டுபோய் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாள். சேர்த்தால் அவளுக்கும் ஒரு வேளைச் சோறு, அதுவும் ஒரு காரணம். எட்டு வயதுப் பெண் ஐந்து வயதுப் பிள்ளைகள் நடுவில், எல்லோரையும்விட ஒரு சாண் உயரமாக. இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தாள். அப்புறம் வெட்கம் பிடுங்கித் தின்ன, நின்றுவிட்டாள். இன்றைக்கும் ஏலக்காய்த் தோட்ட வேலைதான். கையெழுத்துப் போடுவாள், பேருந்துப் பலகை படிப்பாள். அந்த இரண்டு வருஷம் தந்தது அவ்வளவு.

வாரத்துக்கு மூன்று நாள் வேலைக்குப் போன அம்மா, ஆறு நாள் போக ஆரம்பித்தாள். மிச்சம் பிடித்து ஆட்டுக்குட்டி வாங்கினாள். குட்டி ஆடாகி, ஆடு நாலாகி, நடுவில் இரண்டு நோயில் செத்து, மிஞ்சியதை விற்றுத்தான் நான் பத்தாம் வகுப்பு முடித்ததும் டைப்ரைட்டிங் சேர்ந்தேன். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர். அந்த விரல்தான் இன்றைக்குக் கடையாக இருக்கிறது. கடைக் காசில் மகளின் டிப்ளமோ. அக்காவும் நானும் ஒரே வீடு, ஒரே கஞ்சி, நாலு வருஷ வித்தியாசம். அவள் மகள் பத்தாம் வகுப்போடு நின்று பதினெட்டில் கல்யாணம் முடித்தாள். இந்த வித்தியாசத்துக்கு முழுக் காரணமும் பால்வாடிதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். எனக்கு வாய்த்த வீட்டுக்காரர் குடிக்காதவர், அதுவும் கணக்கில் வரும். ஆனால் பால்வாடி எனக்கு அ, ஆ சொல்லித் தந்ததா என்பது ஞாபகமே இல்லை. ஞாபகம் இருப்பதெல்லாம், அது அம்மாவின் கையையும் அக்காவின் இடுப்பையும் விடுவித்தது என்பதுதான்.

இதை நான் என் குடும்பக் கதை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் முன்னால் ஒரு கல்லூரிப் பெண் தன் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யக் கொடுத்தாள். தலைப்பு, முன்பருவக் கல்வியும் பொருளாதாரமும். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி அடிக்கிறவள் நான், சாதாரணமாக உள்ளே இருப்பதைப் படிக்க மாட்டேன். இதை மட்டும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்று ஓர் ஊர். 1962-லிருந்து 1967 வரை அங்கே பெர்ரி என்ற பள்ளிக்கூடத்தில் 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். 58 பேருக்கு மூன்று, நான்கு வயதில் பாலர் வகுப்பு, 65 பேருக்கு இல்லை. தினமும் இரண்டரை மணி நேரம் வகுப்பு, வாரம் ஒரு தடவை டீச்சர் வீட்டுக்கே வந்து தாயோடு உட்காருவார். ஆரம்பத்தில் வகுப்புக்குப் போன பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் ஏறியது. நாலைந்து வருஷத்தில் அந்த ஏற்றம் கரைந்துவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் திட்டம் வீண் என்று மூடியிருப்பார்கள். அவர்கள் விடவில்லை, நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். மதிப்பெண் கரைந்த அதே பிள்ளைகள் கூடுதலாகப் படித்திருந்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள், போலீஸ் கேஸ் குறைவு. 2000-ல் நோபல் வாங்கிய ஜேம்ஸ் ஹெக்மேன் இதைக் கணக்குப் போட்டு, அந்த வகுப்புக்குச் செலவழித்த பணம் வருஷத்துக்கு 7 முதல் 10 சதவீதம் திரும்பி வந்ததாகச் சொன்னார். அப்புறம் அவர்கள் ஐம்பதைத் தாண்டியபோது அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றியும் விசாரித்தார்கள். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இடைநீக்கம் ஆனது குறைவு, வேலையில் இருப்பது அதிகம். அந்த வகுப்பு வாசலையே மிதிக்காத பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் மூலமாக வந்த வட்டி.

7 முதல் 10 சதவீதம் என்றதும் எனக்குச் சீட்டுக் கணக்குதான் ஓடியது. நான் கட்டுகிற சீட்டில் தள்ளுபடி எல்லாம் போக அவ்வளவு நிற்காது. ஆனால் அந்த ஊரில் ஒரு டீச்சருக்கு ஆறு பிள்ளைதான் இருந்திருக்கும். இங்கே 26. அமெரிக்கக் கணக்கை அப்படியே எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தால் அது கண்கட்டு வித்தை.

அதனால் எனக்குப் பிடித்தது அதே ஆய்வேட்டில் இருந்த நம்ம ஊர்க் கணக்கு. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பேர் தமிழ்நாட்டில் நாலு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அதில் பாதியில் மட்டும் கூடுதலாக ஒரு ஆளைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெரிய பட்டம் இல்லை, அரைநாள் வேலை, பாடம் நடத்த மட்டும். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால், பிள்ளைகளுக்குப் பாடம் நடந்த நேரம் இரண்டு மடங்கு. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம். நான் எதிர்பார்க்காதது ஒன்றும் அதில் இருந்தது. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும், கடுமையான சத்துக்குறைவில் இருந்த பிள்ளைகளும் குறைந்திருந்தார்கள். பாடத்துக்குத்தானே ஆள் போட்டார்கள், உடம்பு எப்படித் தேறியது? ஏற்கெனவே இருந்த டீச்சருக்குக் கை ஓய்ந்ததும், எடையையும் மாவையும் சரியாகக் கவனிக்க முடிந்திருக்கிறது. அந்தக் கூடுதல் ஆளுக்கு ஆன செலவைப்போல 13 முதல் 21 மடங்கு வரை பலன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் நாளைக்கு வாழ்நாள் முழுக்கச் சம்பாதிக்கப்போவதை இன்றைய மதிப்பில் போட்ட கணக்கு அது, கையில் எண்ணிய காசு இல்லை. சரி, பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆறு மடங்கு தருகிற தொழில் எங்கள் கடைவீதியில் எது?

இன்னொன்று, அந்தப் பெண் அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அது பால்வாடி இல்லை, பள்ளிக்கூட மத்தியானச் சாப்பாடு. 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. சின்ன வயதில் பள்ளியில் சாப்பாடு கிடைத்து வளர்ந்த பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகள், கிடைக்காதவர்களின் பிள்ளைகளைவிட வயதுக்கேற்ற உயரத்தில் மேலே இருக்கிறார்கள். ஏழை வீடுகளில் அந்த வித்தியாசம் இன்னும் அதிகம். தாய் தின்ற சோறு பிள்ளை எலும்பில். அதை அடித்த அன்று, அடிக்குறிப்பை அந்தப் பெண்ணைக் கேட்காமலே இரண்டு பாயிண்ட் பெரிசாக வைத்துவிட்டேன். அவளுடைய ஆய்வு வழிகாட்டி பார்த்துக் குறைக்கச் சொன்னாராம்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் மசியவில்லை.

"அம்மா, எல்லாரும் எல்கேஜில போடுறாங்க. ஒன்னாப்பு போறப்ப இவ மட்டும் முழிச்சிக்கிட்டு நிப்பா."

"நீ முழிச்சியாடி?"

"அப்பக் காலம் வேறம்மா. என்கூடப் படிச்ச எல்லாரும் பால்வாடிதான."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அன்றைக்குத் தெருவே பால்வாடியில் இருந்தது, ரேஷன் கடைக்காரர் பிள்ளைகூட. இப்போது வசதி கொஞ்சம் வந்த வீடு எல்லாம் மஞ்சள் வேனில் ஏற்றி அனுப்புகிறது. கேள்வி கேட்கிற பெற்றோர்கள் போய்விட்டால், ஐந்து மாதம் ஆயம்மா இல்லாதபோது யார் போய் மனுக் கொடுப்பது? 2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். எங்கள் மையம் பள்ளி வளாகத்தில் இல்லை, அதனால் அந்தக் கணக்கில் வரவில்லை.

மகளின் திருப்திக்காகத் தனியார் பள்ளி ஒன்றையும் போய்ப் பார்த்தோம். வருஷத்துக்கு 32,000, வேன் தனி. வாசலில் பிளாஸ்டிக் யானை, உள்ளே சறுக்கு, சுவர் முழுக்கக் கார்ட்டூன். மூன்றரை வயதுப் பிள்ளைகள் நான்கு கோடு நோட்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் பென்சிலைப் பிடித்த பிடியில் விரல் நுனி வெளுத்திருந்தது. வெண்டைக்காய்க்கு முடி இருக்கிறது என்று சொல்ல அங்கே இடம் இல்லை. டாய்லெட் மட்டும் சுத்தம், அதில் எங்கள் பால்வாடி தோற்றுப்போகும். தண்ணீர் வராத நாளில் வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பேத்தி இப்போது கடைக்கு வந்தால், டப்பாவில் இருக்கிற ஜெம் கிளிப்பைக் கொட்டி நிறவாரியாகப் பிரிக்கிறாள். சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். நிறம் உரிந்த கிளிப் வந்தால் கொஞ்சம் யோசித்து, அதற்கென்று தனியாக ஒரு குவியல் போடுகிறாள். யாரும் சொல்லித் தரவில்லை, புளியங்கொட்டையிலிருந்து வந்தது. மகள் இதைப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் இருக்கட்டும் என்றாள். அடுத்த வருஷம் மறுபடியும் சண்டை உண்டு.

நட்சத்திரம் கேட்டால், ஐந்துக்கு மூன்றரை. அந்த அரை, முட்டைக்கு. குறைந்த ஒன்றரையில் அரை, தண்ணீர் வராத டாய்லெட்டுக்கு. மிச்சம் ஒன்றை டீச்சருக்காகக் குறைக்கவில்லை, நேரத்துக்காகக் குறைத்தேன். எங்கள் தெருப் பெண்கள் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப் காலை ஆறு மணிக்கு வருகிறது, திரும்பி வர மாலை ஐந்து தாண்டும். பால்வாடி திறப்பது ஒன்பதுக்கு, பூட்டுவது மூன்றரைக்கு. ஜீப்புக்கும் பால்வாடிக்கும் நடுவில் காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் ஒன்றரை மணி நேரமும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. அலுவலகத்தில் இருந்துகொண்டு நேரம் குறித்தவர் எவரும் ஜீப்பில் ஏறிப் பார்த்ததில்லை போல.

சேர்க்க நினைப்பவர்களுக்கு: பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு நேரே போங்கள், எங்கள் ஊரில் சிபாரிசு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கிப் பெயர் வெட்டிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தினமும் மாறும். மாதம் ஒரு தடவையாவது முன்னறிவிப்பு இல்லாமல் எட்டிப்பாருங்கள். டீச்சரைத் திட்டுவதற்கு அல்ல, பதிவேடு எழுதுகிற நேரத்தில் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் உட்கார. நான் செவ்வாய்க்கிழமை போகிறேன். கதை சொல்ல வராது, கிளிப் டப்பாவை எடுத்துக்கொண்டு போவேன்.

எதிர்வீட்டில் ஒரு பெண், பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. அவள் அம்மா ஆறு மணி ஜீப்பில் போகிறாள். தம்பிக்கு மூன்று வயது. ஒன்பது மணிக்கு அவனைப் பால்வாடியில் விட்டுவிட்டு ஓடினாலும் பள்ளியில் முதல் பாடம் போய்விடும். வாரத்தில் இரண்டு நாள் போகவே மாட்டாள். ஒரு நாள் வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். அன்றைக்கு அக்கா கடைக்கு வந்திருந்தாள். அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

இப்போது பையன் ஆறு மணியிலிருந்து என் வீட்டில், எட்டு மணிக்குக் கடையில். ஒன்பதுக்கு நான்தான் இரண்டு பேரையும் பால்வாடியில் கொண்டுபோய் விடுகிறேன். அக்காகாரி முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். நேற்று பையன் ஸ்டேப்ளரைக் கீழே போட்டு உடைத்துவிட்டான், புதுசு 180 ரூபாய்.